நடுநிலைப் பொருள்

“சிகரெட்டா? அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது சார். எப்பவாவது ஸ்டஃப் மட்டும்தான்.”

போதை மீட்பு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. சொல்கிறவனுக்கு வயது பத்தொன்பது, இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. அவன் பொய் சொல்லவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குகிறான், ஆனால் அதைப் பற்ற வைப்பதில்லை. விரலால் உருட்டி, உள்ளே இருக்கும் தூளை உள்ளங்கையில் உதிர்க்கிறான். பொட்டலத்தைப் பிரித்து, விதையையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிட்டுக் கஞ்சாவை அதோடு சேர்த்துக் கசக்குகிறான். கலவை திரும்பவும் அதே சிகரெட் கூட்டுக்குள் போகும். இல்லையென்றால் அதே கடையில் வாங்கிய நீளத் தாளில் சுருளும். ஹாஸ்டல் மொட்டை மாடியிலோ, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியிலோ நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து இழுக்கும் அந்தச் சுருளில் பாதி புகையிலைதான். பொட்டலத்தின் விலை ஏறிய வாரங்களில் பாதிக்கும் மேல்.

அந்தப் பாதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இழுக்கிறவன் எடுப்பதில்லை. பிடிக்கிற போலீஸ்காரரும் எடுப்பதில்லை. விஷயம் வீட்டுக்குத் தெரிந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழும்போது கஞ்சாவைச் சொல்லித்தான் அழுகிறார். புகையிலை அவர் வாயில் வருவதே இல்லை.

நம் சட்டம் மட்டும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம், கஞ்சா என்றால் எது என்று வரையறுக்கும் இடத்தில் கலவையையும் சேர்த்துக்கொள்கிறது. பூவும் காயும் கொண்ட கதிர், அதிலிருந்து எடுத்த பிசின், இவற்றின் கலவை ஆகிய எல்லாமே அந்த வரையறைக்குள் அடங்கும். கலவையில் ‘நடுநிலைப் பொருள்’ சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும் அது கஞ்சாதான் என்கிறது சட்டம். 2020 ஏப்ரலில், ஹீரா சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னொரு படி போனது. பிடிபட்ட கலவையைச் சிறிய அளவு, வணிக அளவு என்று தரம் பிரிக்கும்போது நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்றது. ஆக, அந்தச் சுருளில் இருக்கும் புகையிலைக்குச் சட்டத்தின் தராசில் எடை உண்டு, குற்றம் மட்டும் கிடையாது.

சட்டம் எழுதியவர்கள் புகையிலையை மனத்தில் வைத்து அந்தச் சொல்லைப் போட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஹெராயினில் கலக்கும் மாவும் சர்க்கரையும் போன்ற சமாசாரங்களுக்காக நீதிமன்றங்கள் புழங்கும் சொல் அது. ஆனால் இந்த நாட்டில் ஓர் இளைஞன் கஞ்சாவோடு கலப்பது மாவையல்ல. அவன் கலப்பது ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம் இந்தியர்களின் உயிரைக் குடிக்கும் பொருளை. அதை நடுநிலை என்று அழைக்கும் சட்டத்துக்கும், நடுநிலையாகவே நடத்தும் அரசுக்கும், கண்டுகொள்ளாத சமூகத்துக்கும் எதிராக எழுதப்படுவது இந்தத் தலையங்கம்.

எந்தப் பாதி அதிகம் பிடித்துவைக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். 2011-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, நிக்கோட்டினைப் பழகியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கு அடிமையாகிறார்கள். கஞ்சாவைப் பழகியவர்களில் அது ஏறத்தாழ 9 சதவீதம். இந்த 9 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டுதான் கஞ்சா ஆதரவாளர்கள் ஊர் ஊராக வாதம் செய்கிறார்கள். கஞ்சாவை மட்டும் தனியே இழுக்கிறவனுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். நம் ஊரில் அப்படித் தனியே இழுக்கிறவன் எங்கே இருக்கிறான்? வாரம் ஒரு நாள் நண்பர்களோடு என்று தொடங்குகிறவன் ஒவ்வொரு இழுப்பிலும் நிக்கோட்டினையும் சேர்த்தே வாங்குகிறான். ஆறு மாதம் கழித்துக் காலையில் எழுந்ததும் கை எதையோ தேடும். தேடுவது கஞ்சாவை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். பொட்டலம் கிடைக்காத நாளில் அந்தச் சிகரெட்டை அப்படியே, எதையும் கலக்காமல், பற்ற வைத்துப் பார்க்கிறான், உடம்பு அடங்குகிறது. அதன் பிறகு அவனுக்குப் பழக்கம் இரண்டு.

சிகரெட்டிலிருந்து கஞ்சாவுக்குப் போவார்கள் என்றுதான் பள்ளிக்கூட விழிப்புணர்வுக் கூட்டங்களில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். எதிர்த்திசையிலும் பாதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளி வயதிலிருந்து இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. பதின்ம வயதில் சிகரெட் பிடிக்காமல், வாரம் ஒருமுறையாவது கஞ்சா புகைத்தவர்கள், பின்னாளில் சிகரெட்டைத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகம் என்றது அது. கஞ்சாவில் புகையிலை கலக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு.

நுரையீரல் படும் பாடு தனி. கஞ்சா புகைப்பவன் சிகரெட் புகைப்பவனைப் போல இழுத்து உடனே ஊதிவிடுவதில்லை. ஆழமாக இழுத்து, மூச்சைப் பிடித்துவைத்து, பிறகுதான் விடுகிறான். 1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே ஆட்களிடம் இரண்டு வகைப் புகையையும் அளந்து பார்த்தார்கள். கஞ்சா இழுக்கும்போது உள்ளே போகும் தார் சுமார் மூன்று மடங்கு. இரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த இழுப்பு முறையோடு புகையிலையின் விஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். கஞ்சாவுக்காகப் பிடித்துவைக்கும் மூச்சில் புகையிலைப் புகையும் சேர்ந்தே தங்குகிறது. கனடாவின் வான்கூவர் நகரில் 40 வயதைத் தாண்டிய 878 பேரைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் புகைத்தவர்களிடம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏற்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காக இருந்தது. கஞ்சா மட்டும் புகைத்தவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. கஞ்சாவுக்கு நற்சான்றிதழ் கொடுக்க இதைச் சொல்லவில்லை. நடுநிலை என்று பெயர் வைத்த பொருள்தான் அங்கே மூச்சை அடைத்தது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

மூளை விஷயத்தில் கஞ்சாவே முதல் குற்றவாளி. அதில் குழப்பம் வேண்டாம். இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கும் மூளையில் தினமும் இதைப் புகட்டினால், காதில் குரல் கேட்பதும், பெற்ற தாயே சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று சந்தேகப்படுவதும் சிலருக்கு நேர்கிறது. அவர்கள் எத்தனை சதவீதம் என்பது அந்த வீட்டுக்கு ஆறுதல் தராது. ஆனால் சிகிச்சைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேகத்தைப் புகை கூட்டிவிடுகிறது. கூட்டுவது நிக்கோட்டின் அல்ல, எரிந்த இலையின் புகைதான். கஞ்சாவை விட்டுவிட்டான் என்று வீடு நிம்மதி அடைகிறது. அந்த இடத்தை நிரப்ப அவன் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஏறிவிடுகிறான். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். இரத்தத்தில் மருந்து போதவில்லை. மருத்துவர் சிகரெட்டைப் பற்றிக் கேட்கவில்லையென்றால் மாத்திரையின் அளவை ஏற்றுவார். கேட்டாலும், குடும்பம் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: “அதையாவது விட்டுவைங்க டாக்டர். கஞ்சாவுக்கு இது தேவலாம்.”

இந்தத் ‘தேவலாம்’தான் தமிழ்க் குடும்பங்கள் புகையிலைக்குக் கொடுத்திருக்கும் பட்டா. அது இன்று நேற்று கொடுத்ததும் அல்ல. பழநி முருகனுக்குப் புகையிலையையே தூதனுப்பிப் பிரபந்தம் பாடிய சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ நம் மொழியில் இருக்கிறது, உ.வே.சா. அதைப் பதிப்பித்திருக்கிறார். வெற்றிலைத் தட்டில் இடம், கல்யாண வீட்டில் இடம், வயல் வரப்பில் இடம் என்று மூன்று தலைமுறை மடியில் வைத்துக் கொஞ்சிய இலை அது. தாத்தா போட்டது, அப்பா பிடித்தது. மகன் அதைக் கஞ்சாவோடு கலந்தால் கஞ்சாதான் கண்ணில் படுகிறது.

கஞ்சாவை நியாயப்படுத்தும் இளைஞர்களுக்கும் ஒரு பழம்பெருமை வாதம் உண்டு. சிவனடியார் சிலும்பி, சித்தர் மூலிகை, இயற்கை தந்த இலை. வாட்ஸ்அப்பில் அதற்குப் படமெல்லாம் வருகிறது. சிலும்பியில் புகையிலையைக் கலந்து இழுக்கும் வழக்கம் பழையதுதான். 1893-94-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையத்தின் அறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கிறது. ஆனால் புகையிலை இந்த மண்ணுக்கு வந்ததே போர்ச்சுகீசியர் கப்பலில்தான். கலந்து இழுப்பது எத்தனை பழசு என்றாலும் அதற்கு மேல் பழசாக இருக்க முடியாது. இன்றைய சுருளில் இருப்பதோ ரசாயனமும் வாசனையும் சேர்த்து ஆலையில் பதப்படுத்திய சிகரெட் தூள். அதை உதிர்த்துப் போட்டுக்கொண்டு இயற்கை என்று பேசுவது எந்தச் சித்தர் மரபு?

அரசிடம் வருவோம். பெரிய பிரதிவாதி அதுதான்.

ஒரே சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பாதியைப் புகைத்ததற்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறு பாதியைப் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய்வரை அபராதம். வீட்டுக்குள் புகைத்தால் அதுவும் இல்லை. ஒரு பாதியை விற்றவன் மீது குண்டர் சட்டம் பாயலாம்; போதைப்பொருள் குற்றவாளிகள் அந்த 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறார்கள். மறு பாதியை விற்ற நிறுவனத்தில் அரசு நிறுவனங்களே பங்குதாரர்கள். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியின் பங்குகளில் ஏறத்தாழ 15 சதவீதம் எல்ஐசியின் கையில் இருக்கிறது. பழைய யூனிட் டிரஸ்ட்டின் சொத்துகளைப் பராமரிக்கும் அமைப்பிடம் இன்னும் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. உயிருக்குக் காப்பீடு செய்யும் நிறுவனம் உயிரைக் குறைக்கும் தொழிலில் லாபப் பங்கு வாங்குகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே எல்ஐசி தன் டெர்ம் பாலிசியில் புகைபிடிப்பவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்கிறது. பாலிசி எழுதும் மேசைக்குப் புகையிலை நடுநிலைப் பொருள் இல்லை என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதலீட்டு மேசைக்குத்தான் தெரியவில்லை.

வரி வருமானம் என்பார்கள். 2017-18-இல் புகையிலையால் நாட்டுக்கு ஏற்பட்ட மருத்துவச் செலவும் உழைப்பு இழப்பும் 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு புகையிலை மீதான கலால் வரியாகக் கிடைத்தது அதில் சுமார் 12 சதவீதம். ஒரு ரூபாய் நஷ்டத்துக்கு 12 பைசா வருமானம். பெட்டிக்கடைக்காரர்கூட இப்படி ஒரு வியாபாரம் செய்ய மாட்டார். பீடி பற்றிப் பேச்சு வந்தால் உடனே தென்காசியிலும் நெல்லையிலும் முறத்தை மடியில் வைத்து இலை சுருட்டும் பெண்கள் கேடயமாக முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைக்க முடிவெடுக்கப்பட்டபோதும் அதுவே நடந்தது. அந்தப் பெண்களுக்கு வேறு வேலை ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அதைச் செய்யாமல் அவர்களின் வறுமையைக் காட்டிப் பீடி விலையைக் குறைவாக வைத்திருப்பது சுத்தமான கயமை.

போலீஸ் நடவடிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘கஞ்சா வேட்டை’ 2.0, 3.0, 4.0 என்று செல்போன் மென்பொருள் பதிப்பைப் போல எண் ஏறிக்கொண்டே போனது. ஆந்திராவின் பாடேரு மலைகளிலிருந்தும் ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்தும் ரயிலேறி வரும் மூட்டைகளைப் பிடிப்பது தேவையான வேலை, பிடிக்கட்டும். ஆனால் பிடிபட்ட பெயின்ட் வேலைக்காரப் பையன் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் சமூகம், தன் மகனும் அதே சுருளைத்தான் காருக்குள் இழுக்கிறான் என்பதை மறந்துவிடுகிறது. சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்று 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. அதை அந்தப் பையனிடம் எடுத்துச் சொல்லும் காவல் நிலையம் இருந்தால் நாம் போய் மாலை போடத் தயார். இந்த மாநிலத்தில் 2013 முதல் குட்காவுக்குத் தடை என்று அறிவித்துவிட்டு, அந்தக் குட்கா தங்கு தடையின்றி விற்க அதிகாரத்தில் இருந்தவர்களே லஞ்சம் வாங்கினார்கள் என்ற வழக்கு சிபிஐ வரை போனதையும் மறக்க வேண்டாம்.

பத்திரிகைகள் தப்ப முடியாது. நாமும் அதில் சேர்த்திதான். ‘5 கிலோ கஞ்சா பறிமுதல்: வாலிபர் கைது’ என்று தினம் ஒரு செய்தி போடுகிறோம். பொட்டலங்களை மேசையில் அடுக்கிப் பின்னால் அதிகாரிகள் நிற்கும் படத்தையும் போடுகிறோம். அந்தப் பொட்டலம் எதோடு கலந்து புகைக்கப்படுகிறது என்று நம் நிருபர்களிடம் நாம் கேட்டதில்லை. சினிமாவிலோ இன்னும் விநோதம். பாத்திரம் கஞ்சா இழுக்கும் காட்சியிலும் திரை ஓரத்தில் வருவது புகைபிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்ற வாசகம்தான். தெரிந்தோ தெரியாமலோ அந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கலவையை அரசு அளந்துகூடப் பார்க்கவில்லை என்பதே நம் பெரிய குற்றச்சாட்டு. டெல்லி எய்ம்ஸின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 10 முதல் 75 வயதுக்குள் 3.1 கோடிப் பேர் முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதோ ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னது. அவர்களில் பலர் பாங்கு பயன்படுத்துகிறவர்கள். கஞ்சா அல்லது சரஸ் பயன்படுத்தியவர்கள் 1.3 கோடி. கஞ்சாவால் வரும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 72 லட்சம். மதுவிலிருந்து கொக்கெய்ன் வரை விசாரித்த அந்த ஆய்வின் பட்டியலில் புகையிலை இல்லை. புகையிலைக்குத்தான் தனி ஆய்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2016-17-இல் எடுத்த உலகப் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்றது. அந்த ஆய்வில் கஞ்சா பற்றிக் கேள்வி இல்லை. ஒரு ஆய்வாளர் வந்து சுருளின் இடது பக்கத்தை அளந்துகொண்டு போகிறார். இன்னொருவர் வந்து வலது பக்கத்தை அளக்கிறார்.

ஆய்வில் பிரிந்தது சிகிச்சையிலும் பிரிகிறது. போதைப்பொருள் சமூகநீதி அமைச்சகத்தின் பொறுப்பு. அதன் உதவி எண் 14446. புகையிலை சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. அதற்கு 1800-11-2356, சிகரெட் பாக்கெட்டில் 2018 முதல் அச்சாகி வருகிறது. ஒற்றை சிகரெட் வாங்குகிறவனுக்குப் பாக்கெட் கண்ணில் படப்போவதில்லை; பாக்கெட்டின் 85 சதவீதத்தை மறைக்கும் எச்சரிக்கைப் படமும் கடைக்காரரின் கண்ணுக்கு மட்டும்தான். அப்படியே எண் கிடைத்து விட்டுவிட நினைத்தாலும் அவன் எந்த எண்ணை அழைப்பான்? கஞ்சாவை நிறுத்தினால் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவற்றில் பாதி நிக்கோட்டினை நிறுத்தினாலும் வரும். எது எதனால் என்று அவனுக்குத் தெரியாது. ஒன்றைப் பற்றி மட்டும் பேசும் ஆலோசகருக்கும் தெரியாது. ஒன்றை விட்டு மற்றதை வைத்துக்கொண்டவன் ஒவ்வொரு முறை சிகரெட்டைக் கையில் எடுக்கும்போதும் பழைய சுருளின் ஞாபகத்தையும் எடுக்கிறான். அதே விரல்கள், அதே தீப்பெட்டி, பெரும்பாலும் அதே கூட்டாளிகள். போதை மீட்பு இல்லங்களில் ‘பீடி மட்டும் குடித்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுக்கொடுக்கும் பழைய கருணை இருக்கிறதே, அது அவனை வாசல்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பிவரும் வழியைத் திறந்துவைக்கும் கருணை.

கஞ்சாவைச் சட்டப்படி விற்கலாம் என்று முடிவெடுத்த நாடுகளைப் பின்பற்றச் சொல்லி நாம் இங்கே வாதாடவில்லை. ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். ஐரோப்பாவில் கஞ்சா புகைப்பவர்களில் பெரும்பான்மையினர் நம்மைப் போலவே புகையிலை கலந்து புகைப்பவர்கள். நெதர்லாந்தில் 2008 ஜூலை 1 முதல் உணவகங்களிலும் காபிக் கடைகளிலும் புகையிலைக்குத் தடை வந்தபோது உலகமே சிரித்தது: ஆம்ஸ்டர்டாம் காபிக் கடைக்குள் கஞ்சாவை மட்டும் புகைத்தால் அனுமதி, புகையிலை கலந்தால் வெளியே போ. சிரித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். 2018-இல் கஞ்சா விற்பனையை அனுமதித்த கனடா, அந்தப் பண்டங்களில் நிக்கோட்டின் கலக்கக் கூடாது என்று விதி போட்டது. 2024-இல் ஜெர்மனி கஞ்சா வளர்ப்புச் சங்கங்களை அனுமதித்தபோது, புகையிலை கலந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. அனுமதித்தவர்களும் புகையிலையை நடுநிலை என்று சொல்லவில்லை. தடை செய்த நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தீர்ப்பு சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம். இழுக்கிற இளைஞனை முழுக்க விடுவிக்க நமக்கு மனமில்லை. வாக்குரிமை உள்ள வயதில், தன் உள்ளங்கையில் தானே உதிர்த்த தூளைத் ‘தெரியாது’ என்று சொல்வது அரைகுறை வாதம். அவனிலும் அதிகத் தண்டனைக்குரியவன் அவன் சீனியர். சிகரெட்டே தொட்டிராத முதலாண்டுப் பையனிடம் ‘ஒரு பஃப்தானே மச்சி’ என்று சுருளை நீட்டுகிறவன், கஞ்சாவோடு அவனுடைய வாழ்க்கையின் முதல் நிக்கோட்டினையும் நீட்டுகிறான். விருந்தோம்பல் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறான். நாம் அதைத் துரோகம் என்கிறோம். அவனுக்கும் மேலே குற்றவாளி, ஒரு கையில் லத்தியையும் மறு கையில் பங்குப் பத்திரத்தையும் வைத்திருக்கும் அரசு. இளைஞனாவது இருபது வயதில் தப்பு செய்கிறான். அரசு எல்லாப் புள்ளிவிவரமும் தெரிந்து, தன் அமைச்சகமே வெளியிட்ட அறிக்கைகளை மேசையில் வைத்துக்கொண்டு செய்கிறது.

எல்ஐசி தன் சிகரெட் பங்குகளை விற்று வெளியேற வேண்டும். ஒற்றை சிகரெட் விற்பனையை மகாராஷ்டிரம் 2020-இலேயே தடை செய்தது. அது இங்கே ஏட்டிலும் கடையிலும் தடைபட வேண்டும். அடுத்த தேசிய ஆய்வின் கேள்வித்தாளில் ‘எதோடு கலந்து’ என்று ஒரு வரி சேர வேண்டும். அரசு மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவில் இரண்டுக்கும் ஒரே சீட்டு, ஒரே ஆலோசகர் என்று இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை.

மிக எளிதான ஒன்றைக் கடைசிக்கு வைத்தோம். கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும். அதற்குள் ஒரு நாள், ஒவ்வொரு வட்டாட்சியரும் ஒரு கல்லூரி வாசலுக்குப் போய், அளவு நாடாவைப் பிரித்துத் தரையில் வைத்து, நூறு கஜம் எங்கே முடிகிறது என்று சுண்ணாம்புக் கோடு போடட்டும். கோட்டுக்கு உள்ளே எத்தனை பெட்டிக்கடைகள், அவற்றில் எத்தனையில் ஒற்றை சிகரெட்டும் நீளத் தாளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை எங்களுக்கு அனுப்பினால், கஞ்சா பறிமுதல் செய்தி வரும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுகிறோம்.